மேலணை கற்பிக்கும் பாடம்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியினின்று கொள்ளிடம் பிரிகின்றது. கொள்ளிடம் தாழ்ந்த படுகையும் மிகுந்த சரிவும் உடையது. ஆதலின் நீர் அவ்வழியே விரைந்தது. காவிரித் தலைப்போ மணலால் மேடிட்டது. தஞ்சை வயல்கள் நீரின்றி வாடலாயின.

இக்குறை தீர, ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டுவித்தார். நீர் காவிரிக்குத் திரும்பிற்று. ஆயின் அளவுக்கு மிஞ்சிய வெள்ளம் காவிரிப் படுகையை அரிக்கத் தொடங்கவே, 1843-இல் அணையின் நடுப்பகுதி தாழ்த்தப்பட்டது. 1845-இல் காவிரித் தலைப்பிலும் ஓர் அணை எழுந்தது.

இதன் காரணம் எளிது. வேகம் குறைந்த நீர் மணலைப் படியவிடும். வேகம் மிகுந்த நீர் படுகையை அரிக்கும். ஆகவே நீரைத் திருப்புவோர் மணலின் போக்கையும் கருதவேண்டும்.

கிராம வாய்க்காலுக்கும் இவ்விதி பொருந்தும். கண்டபடி கொரம்பு போட்டால் அதன் மேற்புறம் மணல் தங்கும்; நீர் வழிந்து விழும் கீழ்ப்புறம் கரை அரிக்கப்படும். ஆதலின் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் பாசனம் தொடங்குமுன் வாய்க்கால் தலைப்பைத் தூர்வாரி, அடிமட்டத்தைச் சரிபார்த்தல் வேண்டும். வாரிய மண்ணைக் கரையோரத்தில் குவித்தலாகாது. மழையில் அது மீண்டும் வாய்க்காலையே தூர்க்கும். தலைப்பு தூர்ந்தால் முதலில் காய்வது கடைமடையே.