கார் வேக்ஸ் போட எந்த மெஷின்? அப்பா காரில் கற்ற பாடம்

போன செமஸ்டர் லீவில் அப்பாவுக்கு ஒரு சர்ப்ரைஸ் தரலாம்னு நினைச்சேன். எங்க காருக்கு பத்து வயசு, கருநீல கலர். வெயிலில் பார்த்தா பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள். வீட்டில் இருந்த ஆங்கிள் கிரைண்டரில் ஒரு பஃப் மாட்டி, பாலிஷ் தடவி, ஆன் பண்ணேன். அரை நிமிஷம்கூட ஆகலை. பானெட் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிப்போன ஒரு திட்டு. கிளியர் கோட் போயே போச்சு.

அப்பா திட்டவில்லை. "இன்ஜினியரிங்தானேப்பா படிக்கிற?"ன்னு மட்டும் கேட்டார். அதுக்கு நான் லேட்டா எழுதுற பதில்தான் இது.

வேக்ஸா, பாலிஷா?

கடையில் ரெண்டையும் ஒரே மூச்சில் "வேக்ஸ் பாலிஷ்"னு சொல்லிடுவாங்க. ஆனால் ரெண்டும் நேர் எதிர் வேலை. வேக்ஸ், பெயின்ட் மேல் ஒரு மெல்லிய படலத்தைச் சேர்க்கிறது. பாலிஷில் இருக்கும் நுண்ணிய துகள்கள் கிளியர் கோட்டைத் தேய்த்து எடுக்கின்றன. அந்த கிளியர் கோட்டின் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான். நம்ம தலைமுடியைவிட மெல்லிசு! ஓரங்களில் இன்னும் குறைவு.

வெறும் வேக்ஸ்தான் போடணும்னா கையும் ஒரு ஸ்பாஞ்சும் போதும். மெஷின் இருந்தா சீராகப் பரவும், கை வலிக்காது, அவ்வளவுதான். கீறலை எடுக்கணும்னாதான் மெஷின் உண்மையில் தேவை.

மெஷின் எப்படிச் சுத்துது?

ரோட்டரி: பேடு ஒரே அச்சில் சுழலும். ஓரத்தின் வேகம் v = ωr. 125 மி.மீ. பேடு 1,500 ஆர்பிஎம்மில் சுற்றினால், ஓரம் நொடிக்கு சுமார் 10 மீட்டர் வேகத்தில் ஓடும். நான் எடுத்த கிரைண்டர் 11,000 ஆர்பிஎம். கணக்குப் போட்டால் நொடிக்கு 72 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 260 கி.மீ! அந்த உராய்வு வெப்பத்தில் பெயின்ட் எரியாமல் என்ன செய்யும்?

டூயல் ஆக்ஷன் (டிஏ): இதில் பேடின் மையம் மோட்டார் அச்சிலிருந்து கொஞ்சம் விலகி இருக்கும். மையம் ஒரு சின்ன வட்டத்தில் ஓடும், பேடு தன் போக்கில் மெதுவாகச் சுழலும். ரொம்ப அழுத்தினால் அந்தச் சுழற்சி நின்று, வெறும் அதிர்வுதான் மிஞ்சும். அப்போது எல்லாப் புள்ளிக்கும் ஒரே வேகம். 15 மி.மீ. வட்டத்தில் நிமிஷத்துக்கு 4,000 முறை என்றால் நொடிக்கு சுமார் 3 மீட்டர்தான். புதுசா பழகுறவங்களுக்கு இதுதான் பாதுகாப்பு. நாம தப்பு பண்ணாலும் மெஷினே அடங்கிப் போயிடும். கைனமேட்டிக்ஸ் பேப்பரை பாஸ் பண்ணிய நான் இதை யோசிக்கவே இல்லை.

ரெண்டு கைப்பிடி வைத்த பெரிய வட்டமான வேக்ஸ் பஃபரும் கிடைக்கும். வேக்ஸ் பரப்ப நல்லது, கீறல் போகாது. டிரில் மெஷினில் மாட்டும் பஃப், ரோட்டரி மாதிரியேதான் சுழலும். ஏமாறாதீங்க.

வாங்கும்போது

• வீட்டுக்கு டிஏ போதும். வட்டத்தின் அளவு 8 மி.மீ. என்றால் சின்ன வளைவுகளில் அடக்கமாக நிற்கும். 15 மி.மீ. என்றால் பானெட், கூரையில் வேலை சீக்கிரம் முடியும்.
• வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டயல் கண்டிப்பாக வேண்டும். வேக்ஸுக்கு 1 அல்லது 2-லேயே வைங்க.
• வேக்ஸுக்கு மெத்தென்ற ஃபோம் பேடு. பாலிஷுக்குத் தனி பேடு.

போடும்போது

• காரை நல்லா கழுவுங்க. ஒட்டியிருக்கும் மண்ணே புதுக் கீறல் போடும்.
• நிழலில், பாடி சூடு ஆறிய பிறகுதான் ஆரம்பிக்கணும்.
• பேடை பெயின்ட்டில் வைத்த பிறகு ஆன் பண்ணுங்க. இல்லைன்னா சட்டையெல்லாம் வேக்ஸ்தான்.
• பேக்கிங் பிளேட் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்க. பாலிஷ் பண்ணும்போது கோடு சுழலவில்லை என்றால் அழுத்தம் அதிகம்.
• ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. நான் ஒட்டல!

பானெட்டை மறுபடி பெயின்ட் அடிச்சாச்சு. காலை வெயிலில் மட்டும் அந்த மூலை கொஞ்சம் வேற நீலமாத் தெரியும். போன வாரம் நண்பனோட டிஏ மெஷினைக் கொண்டுவந்து, "அப்பா, இந்த வாட்டி சரியா பண்றேன்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் மெஷினையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொதல்ல உன் பைக் டேங்க்ல பண்ணிக் காட்டு"ன்னார்.