படகில் காம்பஸை எங்கே வைப்பது?



சிதம்பரத்தில் யாரும் வழி தவற முடியாது. கீழ வீதி, மேல வீதி, தெற்கு வீதி, வடக்கு வீதி என்று தெருவுக்கே திசையைப் பெயராக வைத்திருக்கிறார்கள். நாலு பக்கமும் கோபுரம் வேறு. ஆனால் கடலுக்குள்ளே போயிட்டா தெருவும் இல்லை, கோபுரமும் இல்லை. அங்கே நமக்கு வழி சொல்வது காம்பஸ் என்னும் திசைகாட்டி. அதைப் பற்றி நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எங்க அப்பாவிடம் ஒரு சின்ன ஃபைபர் படகு இருக்கு. காத்து இருந்தா பாய் விரிப்பார். இல்லாட்டி மோட்டார். போன மாசி மாதம் ஒருநாள் பரங்கிப்பேட்டைக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் போயிருந்தார். திரும்பும்போது மோட்டார் நின்னுபோச்சு. ஸ்பேனர் பெட்டியைத் திறந்து பார்த்தும் சரியாகவில்லை. பாய் கட்டி, காம்பஸைப் பார்த்து நேர் மேற்கே விட்டார். ஒரே பனி மூட்டம், சூரியனும் தெரியலை. போனில் சார்ஜும் இல்லை. கரை தெரிந்தபோது அது பரங்கிப்பேட்டை இல்லை, சாமியார்பேட்டை! காலை பத்து மணிக்கு வர வேண்டியவர் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் வீடு வந்தார். அதுவரை அம்மா கரையிலேயே நின்னாங்க. நான் அன்றைக்குப் பள்ளிக்கூடம் வரவில்லை.

“காம்பஸ் பழசாயிடுச்சு, பொய் சொல்லுது. புதுசு வாங்கணும்” என்றார் அப்பா. நான், “ஸ்பேனர் பெட்டி எங்கப்பா இருந்துச்சு?” என்று கேட்டேன். “காம்பஸ் பக்கத்துலதான் வெச்சேன், ஏம்மா?” என்றார். எனக்கு உடனே அறிவியல் பாடத்தில் படித்த காந்தம் ஞாபகம் வந்தது.

நான் செய்த சோதனை

காம்பஸைத் தரையில் வைத்து, ஸ்பேனர் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டு போனேன்.

இரண்டு முழம் தூரம் – முள் அசையவில்லை.
ஒரு முழம் தூரம் – 3 டிகிரி திரும்பியது.
ஒரு சாண் தூரம் – 24 டிகிரி திரும்பியது!

ஒரு முழம் என்பது இரண்டு சாண். தூரம் பாதியானதும் இழுப்பு எட்டு மடங்கு ஆகிவிட்டது பாருங்கள். பெட்டியை எடுத்ததும் முள் பழைய இடத்துக்கே வந்து நின்றது. அப்படின்னா காம்பஸ் மேல் குற்றம் இல்லை, பக்கத்தில் இருந்த இரும்பு மேல்தான் குற்றம்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். 20 கிலோமீட்டர் வரும்போது 5 டிகிரி தவறினால் கரையில் 1¾ கிலோமீட்டர் தள்ளிப் போவோம். 15 டிகிரி தவறினால் 5 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போவோம். அப்பா சாமியார்பேட்டைக்குப் போனதற்கு இதுவே போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. உள்ளே திரவம் நிரம்பியதாக இருக்கணும். சின்னப் படகு அலையில் அதிகம் ஆடும். திரவம் இருந்தால் முள் ஓயாமல் சுற்றாது. உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் வாங்க வேண்டாம்.
2. எண்கள் பெரிதாக இருக்கணும். சுக்கான் பிடித்து உட்கார்ந்த இடத்திலிருந்தே படிக்க முடியணும்.
3. படகு சாய்ந்தாலும் தட்டு மட்டமாக நிற்கணும். பாய் விரித்த படகு ஒரு பக்கம் சாய்ந்தேதான் ஓடும். கடையிலேயே சாய்த்துப் பாருங்கள்.
4. நம்ம நாட்டுக்கு ஏற்றதா என்று கேளுங்கள். காந்த நடுக்கோடு தென்கோடி இந்தியா வழியாகப் போகிறது. அதனால் இங்கே முள் ஏறக்குறைய மட்டமாக நிற்கும். ஐரோப்பாவில் அது கீழ் நோக்கி நன்றாகச் சாயும். அந்த ஊருக்குச் சமன் செய்த காம்பஸ் இங்கே சாய்ந்து உரசலாம்.

பொருத்தும்போது

1. மோட்டார், ஸ்பேனர், நங்கூரம், சங்கிலி, ரேடியோ, செல்போன் எல்லாம் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கணும். ஸ்பீக்கருக்குள்ளேயும் காந்தம் இருக்கு!
2. பித்தளைத் திருகாணி போடுங்கள். எந்தத் திருகாணியானாலும் முதலில் காந்தத்தில் ஒட்டுதா என்று பாருங்கள். ஒட்டினால் வேண்டாம்.
3. அணியத்து நுனியிலிருந்து பின்பக்கத்தின் நடுவுக்கு ஒரு நூல் கட்டுங்கள். காம்பஸ் கிண்ணத்தில் முன்பக்கம் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு நூலுக்கு நேராக இருக்கணும். கோணலாக வைத்தால் எவ்வளவு கோணலோ அவ்வளவு டிகிரி எப்போதும் தவறும்.

சரிபார்ப்பது எப்படி?

சூரியன் கிழக்கே உதிக்கும் என்று படிக்கிறோம். ஆனால் நேர் கிழக்கே உதிப்பது மார்ச் 21, செப்டம்பர் 23-ஐ ஒட்டிய நாட்களில் மட்டும்தான். டிசம்பர் 21 வாக்கில் நம்ம ஊரில் 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும். அதனால் மார்ச்சிலும் செப்டம்பரிலும் கடற்கரையில் நின்று காலையில் காம்பஸைச் சரிபார்க்கலாம். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் நம்ம பக்கம் இரண்டு டிகிரி அளவுக்குள்தான் வித்தியாசம்.

இரவில் துருவ நட்சத்திரம் இருக்கிறது. நம்ம ஊரில் அது அடிவானத்துக்கு மேலே 11 டிகிரியில்தான் தெரியும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது சுமார் 10 டிகிரி. அதற்குச் சற்று மேலே தேடுங்கள். இவ்வளவு தாழ்வாக இருப்பதால் பனியில் சீக்கிரம் மறைந்துவிடும்.

உங்களுக்குத் தெரியுமா?

★ 1088 வாக்கில் சீனாவில் ஷென் குவோ என்பவர் காந்த ஊசியைப் பற்றி எழுதியிருக்கிறார்.
★ பூமியே ஒரு பெரிய காந்தம் என்று 1600-இல் சொன்னவர் வில்லியம் கில்பர்ட்.

ஜிபிஎஸ் இருக்கும்போது காம்பஸ் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஜிபிஎஸ்ஸுக்கு பேட்டரி வேணும், காம்பஸுக்கு வேண்டாம். ஆனால் நீரோட்டம் நம்மைத் தள்ளுவதை ஜிபிஎஸ் காட்டும், காம்பஸ் காட்டாது. அதனால் இரண்டும் படகில் இருப்பது நல்லது.

இப்போ ஸ்பேனர் பெட்டி படகின் பின்பக்கம் போயிடுச்சு. காம்பஸ் நடுவில், நூல் பிடித்து நேராக வைத்திருக்கிறோம். அதே பழைய காம்பஸ்தான்! நூலின் ஒரு முனையை அப்பா பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். அதற்கப்புறம் அவர் வெள்ளாற்று முகத்துக்கே நேராக வந்து சேருகிறார்.

உங்க வீட்டிலும் படகு இருந்தால் இன்றைக்கே காம்பஸ் பக்கத்தில் என்ன இருக்கு என்று பாருங்கள்.

யோசியுங்கள்: 90 டிகிரியில் கடலுக்குப் போன படகு வந்த வழியே திரும்ப எத்தனை டிகிரியில் வரணும்? (குறிப்பு: 180 கூட்டுங்கள்.)

– ஒன்பதாம் வகுப்பு மாணவி