ஜெர்மன் மொழியில் ஊர் வருணனை

அயல்மொழி பயிலப் புகும் மாணாக்கர் முதற்கண் ஓர் ஊரை அம்மொழியில் வருணிக்கப் பழகுதல் நன்று. ஜெர்மன் மொழியில் அதற்கு வேண்டுவன சொற்கிடக்கை, அளவுச்சொல், உச்சரிப்பு என மூன்றாம். 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு கல்வி பயின்ற ஹாலெ நகரையே ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

தமிழில் வினை வாக்கியத்தின் ஈற்றில் நிற்பது இயல்பு. ஜெர்மன் தனிவாக்கியத்திலோ அஃது இரண்டாம் உறுப்பாக நிற்கும். ‘ஹாலெ லீக்ட் ஆன் டெர் ஸாலெ’ என்பதற்கு ‘ஹாலெ ஸாலெ ஆற்றங்கரையில் உள்ளது’ என்பது பொருள். இடத்தை முன்வைத்து ‘ஆன் டெர் ஸாலெ லீக்ட் ஹாலெ’ எனவும் கூறலாம். ஈண்டு முதல் மூன்று சொற்களும் கூடி ஓர் உறுப்பாயின, ‘லீக்ட்’ என்னும் வினை தன் இரண்டாம் இடத்தை விடவில்லை, எழுவாயே பின்சென்றது. ஆனால், நம் ‘என்று’ என்பதற்கு ஒப்பான ‘டஸ்’ என்னும் சொல் வாக்கியத்தைத் தொடங்குமாயின், ‘டஸ் ஹாலெ ஆன் டெர் ஸாலெ லீக்ட்’ என வினை ஈற்றிற்குச் செல்லும். ஆங்கிலத்தின் வழியே இதனைக் கற்பார் இடர்ப்படுவர். தமிழ்வழி நினைப்பார்க்கு இஃது எளிது.

அளவுச்சொற்களுள், எண்ணத்தகும் பொருள்களின் பன்மைக்கு ‘ஃபீலெ’ என்பதும், எண்ணலாகாதவற்றிற்கு ‘ஃபீல்’ என்பதும் வரும். ‘ஃபீலெ ப்ரூக்கென்’ என்பது பல பாலங்கள்; ‘ஃபீல் வாஸெர்’ என்பது மிகுந்த நீர். ‘வேனிஹ் வாஸெர்’ என்றால் நீர் குறைவு என்பது கருத்து. அதன்முன் ‘ஐன்’ சேர்த்து ‘ஐன் வேனிஹ் வாஸெர்’ என்றாலோ, சிறிதளவு நீர் உண்டு என்பது கருத்தாம். ஒரு சிறு சொல்லால் இன்மையை நோக்கிய கூற்று உண்மையை நோக்கியதாகின்றது.

உச்சரிப்பிலும் பிழை நேரின் பொருள் திரியும். தேவாலயங்களைக் குறிக்கும் ‘கிர்ஹென்’ என்பதன் இடையொலிக்கு நேரான எழுத்துத் தமிழில் இல்லை. யகரத்திற்குரிய நிலையில் நாவை நிறுத்தி, குரல் எழுப்பாது மூச்சை மட்டும் விடுக, அவ்வொலி பிறக்கும். அதனை ஷகரமாக்கிக் ‘கிர்ஷென்’ என்போமாயின், ‘ஊரில் பல தேவாலயங்கள் உள’ என எண்ணிய நாம் ‘ஊரில் பல செர்ரிப் பழங்கள் உள’ என்று கூறியவராவோம்!

கார்ல் கிரௌல் என்னும் ஜெர்மானியர் திருக்குறளைத் தம் மொழியில் பெயர்த்து 1856-இல் வெளியிட்டார். நம் மொழியை அவர் அத்துணை உழைப்புடன் கற்றனராயின், அவர் மொழியில் நம் ஊரைப்பற்றி ஐந்து வாக்கியம் அமைத்தல் நமக்கு அரிதாகுமோ? வினையின் இடத்தை நோக்கி எழுதுக; அளவை ஆராய்க; பின்னர் உரக்கப் படித்துச் செவியால் தேர்க.