இரண்டாண்டுக் கணக்கு: தொழில்முறை டார்ட்ஸ் எப்படி நடக்கிறது?



நெதர்லாந்தைச் சேர்ந்த ரேமண்ட் வான் பார்னவெல்ட் ஐந்து முறை உலக வெற்றியாளர் பட்டம் வென்றவர். 2019 டிசம்பரில் உலகப் போட்டியின் முதல் சுற்றிலேயே தோற்று, விளையாட்டை விட்டே விலகினார். அடுத்த ஆண்டு மனம் மாறியது. திரும்பி வர நினைத்தார். 2021 பிப்ரவரியில் எங்கே போய் நின்றார் தெரியுமா? நாம் பெயரே கேள்விப்படாத நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களோடு சேர்ந்து தகுதிப் போட்டியில்! "ஐயா, நீங்க ஐந்து முறை சாம்பியன், நேரா உள்ளே வாங்க" என்று யாரும் சொல்லவில்லை. அவரும் தேர்வு எழுதினார், தேறினார். அடுத்த சில வாரங்களிலேயே ஒரு பட்டமும் வென்றார்.

இது ஏன் அப்படி? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் தொழில்முறை டார்ட்ஸ் முழுவதும் புரிந்துவிடும். தரவரிசை என்ற சொல்லையும் கொஞ்சம் வேறு கண்ணால் பார்ப்போம்.

முதலில் ஒன்று. "டார்ட்ஸா? அது மதுக்கடை விளையாட்டாச்சே" என்று வீட்டில் சொல்வாங்க. அதில் உண்மை இருக்கு. இங்கிலாந்தில் இது மதுக்கடைச் சுவர்களில்தான் வளர்ந்தது. இன்றும் பெரிய போட்டிகளில் அந்த வாடை போகவில்லை. ஆனால் இன்று நாம் படிக்கப்போவது கூட்டத்தை அல்ல, அமைப்பை.

1. ஆட்டம், இரண்டு நிமிடத்தில்

பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரம். ஆட்டக்காரர் 2.37 மீட்டர் தள்ளி நின்று எறிவார். ஒரு முறைக்கு மூன்று அம்புகள். ஒவ்வொருவரும் 501 புள்ளியில் தொடங்கி, எடுத்ததைக் கழித்துக்கொண்டே பூச்சியத்துக்கு வர வேண்டும். கடைசி அம்பு கட்டாயம் 'டபுள்' வளையத்திலோ சரியாக நடுப்புள்ளியிலோ விழ வேண்டும். மூன்று அம்பில் அதிகபட்சம் 180. மிகக் குறைந்தது ஒன்பது அம்பில் ஆட்டத்தை முடிக்கலாம். ஒரு ஆட்டத்துக்கு 'லெக்' என்று பெயர். உலக வெற்றியாளர் போட்டியில் மூன்று லெக் வென்றால் ஒரு 'செட்'.

2. 128 பேருக்குத்தான் வேலை

தொழில்முறை டார்ட்ஸை இங்கிலாந்தை மையமாகக் கொண்ட பி.டி.சி. என்ற அமைப்பு நடத்துகிறது. 1992இல் முன்னணி ஆட்டக்காரர்கள் பழைய சங்கத்திலிருந்து பிரிந்து தொடங்கியது இது. இதில் முழுநேரமாக விளையாட 'டூர் கார்டு' வேண்டும். வேலை அனுமதிச் சீட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுவதற்கும் சேர்த்து 128 கார்டுகள்தான்.

கார்டு எப்படிக் கிடைக்கும்? முக்கியமாக மூன்று வழி.

முதல் வழி: உலகப் போட்டி முடிந்த அன்று தரவரிசையில் முதல் 64 பேருக்குள் இருக்க வேண்டும். இருந்தால் கார்டு தொடரும்.

இரண்டாவது வழி: இரண்டாம் நிலைத் தொடர்கள். கார்டு இல்லாதவர்களுக்கு 'சேலஞ்ச் டூர்', இளையர்களுக்கு 'டெவலப்மெண்ட் டூர்'. அவற்றில் முன்னணியில் முடிப்பவர்களுக்குக் கார்டு உண்டு.

மூன்றாவது வழி: 'கியூ-ஸ்கூல்'. பெயரில்தான் பள்ளி, உண்மையில் பரீட்சை மண்டபம். ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத்தில் பிரிட்டனில் ஒன்று, ஐரோப்பியக் கண்டத்தில் ஒன்று என இரண்டு நடக்கும். முதல் கட்டத்தில் வடிகட்டல், பிறகு இறுதிக் கட்டம். இறுதிக் கட்டத்தில் அன்றன்றைய வெற்றியாளருக்கு அப்போதே கார்டு. மீதி இடங்கள் எல்லா நாளும் சேர்த்து எடுத்த புள்ளிக் கணக்கின்படி. வான் பார்னவெல்ட் போனது இங்கேதான்.

இப்படிப் புதிதாகக் கிடைக்கும் கார்டுக்கு ஆயுள் இரண்டு ஆண்டு. அதற்குள் முதல் 64க்குள் வரவில்லை என்றால் மறுபடியும் பரீட்சை.

3. ஓர் ஆண்டு எப்படி ஓடும்?

நாம் தொலைக்காட்சியில் பார்ப்பது மேலே தெரியும் பகுதி மட்டும். பிப்ரவரி இறுதி அல்லது மார்ச் தொடக்கத்தில் மைன்ஹெட் நகரில் யு.கே. ஓப்பன். ஜூலையில் பிளாக்பூலில் வேர்ல்ட் மேட்ச்பிளே. அக்டோபரில் வேர்ல்ட் கிராண்ட் பிரி, ஐரோப்பிய வெற்றியாளர் போட்டி. நவம்பரில் வுல்வர்ஹாம்டனில் கிராண்ட் ஸ்லாம், பிறகு பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. டிசம்பர் நடுவில் லண்டன் அலெக்சாண்டிரா பேலஸில் உலக வெற்றியாளர் போட்டி தொடங்கி, ஜனவரி முதல் வாரத்தில் முடியும்.

அடியில் ஓடுவது 'புரோ டூர்'. இதில் இரண்டு வகை. ஒன்று, பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப். 2025இல் மட்டும் இப்படி 34 போட்டிகள். விளையாட்டு மையத்தில் வரிசையாகப் பலகைகள், ரசிகர் கூட்டம் கிடையாது, பாட்டு கிடையாது, பெரும்பாலும் வார நாள்கள். 128 பேர் வருவார்கள், ஒரே நாளில் ஏழு சுற்று. 2025இல் முதல் சுற்றில் தோற்ற 64 பேருக்குப் பரிசு? ஒரு பவுண்டுகூட இல்லை. விமானக் கட்டணம், தங்கும் செலவு எல்லாம் அவரவர் கையிலிருந்து. இன்னொன்று, ஐரோப்பிய டூர். வார இறுதிகளில் ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரியா, ஹங்கேரி என்று ஊர் ஊராக நடக்கும். ஒரு போட்டிக்கு 48 பேர், இங்கே ரசிகர்களும் உண்டு.

4. தரவரிசை என்பது ஒரு நகரும் ஜன்னல்

டென்னிஸில் தரவரிசைக்குப் புள்ளிகள். டார்ட்ஸில் பணம். தகுதியுள்ள போட்டிகளில் கடந்த இரண்டு ஆண்டுகளில் வென்ற பரிசுப் பணத்தைக் கூட்டினால் அதுவே 'ஆர்டர் ஆஃப் மெரிட்'. அவ்வளவுதான். நடுவர் மதிப்பீடு இல்லை, புகழுக்கு மதிப்பெண் இல்லை.

இதில் முக்கியமான சொல் "கடந்த இரண்டு ஆண்டு". ஒரு போட்டியில் வென்ற பணம் சரியாக இரண்டு ஆண்டு கணக்கில் இருக்கும். இரண்டு ஆண்டு கழித்து அதே போட்டி முடிந்ததும் கழன்று விழும். பொறியியல் மாணவர்களுக்கு இது பழக்கமான விஷயம்: ஜன்னல் நகர்ந்துகொண்டே போகும், உள்ளே தெரிவதை மட்டும் கூட்டு.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். இவை கற்பனை எண்கள்.

ஆட்டக்காரர் அ: முதல் ஆண்டு 70,000 பவுண்டு, இரண்டாம் ஆண்டு 30,000. மொத்தம் 100,000.

ஆட்டக்காரர் ஆ: முதல் ஆண்டு 20,000, இரண்டாம் ஆண்டு 60,000. மொத்தம் 80,000.

இப்போது அ மேலே இருக்கிறார். மூன்றாம் ஆண்டில் இருவரும் சரிசமமாக 40,000 எடுக்கிறார்கள். முதல் ஆண்டு கழன்றுவிட்டது. அ: 30,000 + 40,000 = 70,000. ஆ: 60,000 + 40,000 = 100,000.

கவனிச்சீங்களா? இருவரும் ஒரே அளவு சம்பாதித்த ஆண்டில் இடம் தலைகீழாக மாறிவிட்டது. அ மோசமாக விளையாடவில்லை. பழைய நல்ல ஆண்டை ஈடுகட்டும் அளவுக்கு விளையாடவில்லை, அவ்வளவே. இதைத்தான் வர்ணனையாளர்கள் "பணத்தைத் தற்காப்பது" என்று சொல்கிறார்கள். உண்மையான எடுத்துக்காட்டு லூக் ஹம்ப்ரீஸ். 2024 ஜனவரியில் உலகப் பட்டம் வென்று 500,000 பவுண்டு எடுத்தார். 2026 போட்டி முடிந்ததும் அந்த அரை மில்லியன் முழுவதும் அவர் கணக்கிலிருந்து போய்விட்டது.

நம்ம பல்கலைக்கழக சி.ஜி.பி.ஏ.வோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் செமஸ்டரில் வாங்கிய மதிப்பெண் பட்டமளிப்பு வரை கூடவே வரும், நல்லதோ கெட்டதோ. டார்ட்ஸ் கணக்கு மறந்துவிடும். உங்கள் மோசமான காலத்தையும் மறக்கும், பொற்காலத்தையும் மறக்கும். வான் பார்னவெல்டுக்கு நடந்தது இதுதான். அவருடைய கார்டும் போயிருந்தது, ஜன்னலுக்குள் காட்ட புதிய பணமும் இல்லை.

5. இரண்டாவது ஜன்னல்

இரண்டு ஆண்டு என்பது புதியவருக்கு நீண்ட காலம். இன்று கார்டு வாங்கியவர் பூச்சியத்தில் தொடங்குவார், மற்றவர்களிடம் இரண்டு ஆண்டுச் சேமிப்பு இருக்கும். அவர் எப்போது மேலே வருவது?

இதற்காக இன்னொரு பட்டியல்: புரோ டூர் தரவரிசை. இது ஓராண்டுக் கணக்கு மட்டும். வேர்ல்ட் மேட்ச்பிளேயில் 32 பேர் ஆடுவார்கள். 16 பேர் இரண்டாண்டுப் பட்டியலிலிருந்து, 16 பேர் ஓராண்டுப் பட்டியலிலிருந்து. உலக வெற்றியாளர் போட்டி 2026 பதிப்பிலிருந்து 128 பேருக்கு விரிந்தது. அதில் 40 பேர் நீண்ட பட்டியல் வழி, 40 பேர் குறுகிய பட்டியல் வழி, 48 பேர் உலகெங்கும் நடக்கும் தகுதிச் சுற்றுகள் வழி.

நீண்ட ஜன்னல் நிலைத்தன்மையைப் பார்க்கிறது. குறுகிய ஜன்னல் இப்போதைய வேகத்தைப் பார்க்கிறது. ஒன்றை மட்டும் வைத்திருந்தால், பழையவர்கள் கதவை அடைத்துவிடுவார்கள், இல்லையென்றால் ஒரு நல்ல சில மாதங்கள் எல்லாவற்றையும் புரட்டிவிடும்.

எல்லாப் பணமும் கணக்கில் சேராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமைதோறும் நடக்கும் பிரீமியர் லீக்கில் எட்டே பேர், அதில் சிலர் அழைப்பின் பேரில் வருபவர்கள். அந்தப் பரிசு தரவரிசையில் சேராது. அழைப்பால் கிடைத்த வாய்ப்பு, உழைத்து வந்தவரின் இடத்தைப் பறிக்கக் கூடாது என்பது நியாயம்தானே.

6. பக்கத்துக் கதவுகள்

யு.கே. ஓப்பனில் கார்டு உள்ளவர்களோடு, உள்ளூர்த் தகுதிச் சுற்றில் தேறிய அமெச்சூர் ஆட்டக்காரர்களும் ஆடலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகக் குலுக்கல். உலக சாம்பியனுக்கு எதிரில் ஒரு தச்சர் வந்து நின்றாலும் ஆச்சரியமில்லை.

பெண்களுக்கும் உலகப் போட்டியில் தகுதி வழி உண்டு. 2019 டிசம்பரில் ஃபாலன் ஷெராக், டெட் எவெட்ஸை வென்று, அந்த மேடையில் ஆட்டம் வென்ற முதல் பெண் ஆனார். அடுத்த சுற்றில் மென்சூர் சுல்யோவிச்சையும் வென்றார்.

நம்ம வட்டாரத்துக்கு ஆசிய டூர் இருக்கு. நாட்டுக்கு இருவர் ஆடும் உலகக் கிண்ணத்தில் மலேசியாவும் சிங்கப்பூரும் விளையாடியிருக்கின்றன. 2017இல் சிங்கப்பூரின் பால் லிம், ஹரித் லிம் இணை முதல் சுற்றில் ஸ்காட்லாந்தை 5–2 என்று வீழ்த்தியது. அப்போது ஸ்காட்லாந்து போட்டியின் முதல்நிலை அணி! இதே பால் லிம்தான் 1990இல் உலக வெற்றியாளர் போட்டி வரலாற்றின் முதல் ஒன்பது-அம்பு ஆட்டத்தை முடித்தவர். 71 வயதில், 2025 டிசம்பரில், அலெக்சாண்டிரா பேலஸில் ஓர் ஆட்டம் வென்றார். ஜன்னல் வயதைக் கேட்பதில்லை.

வயது குறைவானவரையும் கேட்பதில்லை. லூக் லிட்லர் 16 வயதில் 2024 உலகப் போட்டிக்கு வந்தபோது தரவரிசையில் 164. இறுதி ஆட்டத்தில் தோற்றார். ஆனாலும் கிடைத்த 200,000 பவுண்டு அவரை ஒரே தாவலில் 31ஆம் இடத்துக்குக் கொண்டுபோனது. மறு ஆண்டு 17 வயதில் உலக வெற்றியாளர்.

7. 64ஆம் கோடு

இந்த அமைப்பு குறையில்லாதது அல்ல. பணமே அளவுகோல் என்பதால் பெரிய போட்டியின் எடை மிக அதிகம். 2026இல் உலக வெற்றியாளருக்கு ஒரு மில்லியன் பவுண்டு. அதோடு ஒப்பிட்டால் 2025இல் ஒரு பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் வென்றவருக்கு 15,000. மூன்று வாரம் நன்றாக ஆடியவர் இரண்டு ஆண்டு உயரத்தில் இருக்கலாம். ஆண்டு முழுவதும் ஒழுங்காக ஆடியவர் கீழேயே இருக்கலாம்.

ஆகவே அடுத்த டிசம்பரில் பார்க்கும்போது இறுதி ஆட்டத்துக்காக மட்டும் காத்திருக்காதீர்கள். முதல் சுற்றைப் பாருங்கள். அங்கே 60க்கும 70க்கும் நடுவில் இருக்கும் ஒருவர் நிற்பார். அவர் கோப்பையைப் பற்றி நினைக்கவில்லை. வென்றால் கோட்டுக்கு மேலே, அடுத்த ஆண்டும் வேலை இருக்கு. தோற்றால், சில நாள்களில் கியூ-ஸ்கூல் வரிசை. எட்டு மில்லிமீட்டர் அகல டபுள் வளையத்தை நோக்கி அவர் அம்பை உயர்த்தும்போது, கை ஏன் ஒரு கணம் நிற்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

கலந்துரையாட

அ) மேலே உள்ள எடுத்துக்காட்டில் நான்காம் ஆண்டு இருவரும் 25,000 எடுத்தால் யார் முன்னிலை? கணக்குப் போட்டுப் பாருங்கள், விடை சுவையானது.

ஆ) உங்கள் பள்ளியிலோ விளையாட்டுக் குழுவிலோ ஆட்களைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு நீளமான ஜன்னலைப் பயன்படுத்துகிறார்கள்? ஒரே ஒரு தேர்வா, ஓராண்டா, இல்லை எப்போதோ கிடைத்த பெயரா?

இ) இன்று உங்களிடம் இருக்கும் நல்ல பெயரில் எவ்வளவு கடந்த இரண்டு ஆண்டுகளில் சம்பாதித்தது?