“நீங்கள் நான்-டீச்சிங்தானே?” – நூலகரும் கல்வி விடுப்பும்

கேள்வி: தென்மாவட்டத்தில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாக உதவி நூலகராக இருக்கிறேன். நெட் தேர்ச்சியுடன் நிரந்தரப் பணியில் சேர்ந்தவள். வேறொரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர பி.எச்டி.க்குப் பதிவு செய்திருக்கிறேன். எங்கள் பதிவாளர் தந்த தடையின்மைச் சான்றோடுதான் சேர்ந்தேன். இந்தப் பருவத்தில் கோர்ஸ் ஒர்க். விடுப்பு கேட்டால், “ஸ்டடி லீவ், ஓ.டி. எல்லாம் டீச்சிங் ஸ்டாஃபுக்குத்தான். நீங்கள் நான்-டீச்சிங். ஈ.எல். இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் லாஸ் ஆஃப் பே” என்று நிர்வாகப் பிரிவில் சொல்கிறார்கள். சென்ற ஆண்டு ஐந்து நாள் நூலகத் தானியங்கிப் பயிற்சிக்கும் சி.எல். போட்டுத்தான் போனேன். ஆய்வை முடிக்க இரண்டு ஆண்டு முழுநேர விடுப்பு கேட்கவும் நினைக்கிறேன். சம்பளத்தோடு கிடைக்குமா? பாண்டு எழுதித் தர வேண்டுமாமே? ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் என் தோழிக்கும் இது பொருந்துமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கவுன்ட்டரில் சொன்னது உத்தரவு ஆகாது. எழுத்தில் மறுப்பு வராதவரை நீங்கள் எதிர்த்து வாதாட எதுவுமே இல்லை. எனவே முதல் வேலை, எந்த விதியின் கீழ் எந்த விடுப்பு கேட்கிறீர்கள் என்று குறிப்பிட்டு, நூலகர் வழியாகப் பதிவாளருக்கு ஒரு மனு கொடுப்பது. நூலகர்கள் தரும் விடுப்பு மனுக்கள் பெரும்பாலும் “உயர்கல்விக்காக விடுப்பு வேண்டி” என்று பொதுவாக இருக்கும். அப்படிக் கேட்டால் ‘ஈ.எல். போடுங்கள்’ என்ற பதில்தான் வரும்.

உங்களுக்கு வலுவான ஆவணம், பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018 ஜூலையில் அரசிதழில் வெளியிட்ட ஒழுங்குமுறை விதிகள். ஆசிரியர்கள் மட்டுமல்லாமல் ‘பிற கல்விசார் பணியாளர்கள்’ என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது. அந்த இரண்டாவது பிரிவில் நூலகர்கள் வருகிறார்கள். கல்வி விடுப்பு பற்றிய பகுதியில், உதவிப் பேராசிரியருக்குப் பக்கத்திலேயே உதவி நூலகர் பதவியும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. குறைந்தது மூன்று ஆண்டு தொடர் பணி வேண்டும். உங்களுக்கு ஆறு இருக்கிறது. ஆகவே ‘நான்-டீச்சிங்’ என்ற ஒரே காரணத்துக்காக மறுப்பது, இந்த விதி உங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்துமானால், தவறு.

அந்தப் ‘பொருந்துமானால்’ என்பதில்தான் சிக்கல். யுஜிசி விதி என்றாலே எல்லாப் பல்கலைக்கழகத்தையும் அப்படியே கட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் தொடர்பான கல்யாணி மதிவாணன் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம், 2010-ஆம் ஆண்டு யுஜிசி விதிகள் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் கட்டாயம், மாநிலச் சட்டத்தின் கீழ் இயங்குபவற்றுக்கு மாநில அரசு ஏற்றுக்கொண்டால்தான் பொருந்தும் என்ற நிலையை எடுத்தது. பிறகு 2022-ல் குஜராத், கேரளத் துணைவேந்தர் வழக்குகளில் மாநிலச் சட்டத்தோடு முரண்பட்டால் யுஜிசி விதியே மேலோங்கும் என்று தீர்ப்பு வந்தது. அவையெல்லாம் துணைவேந்தர் நியமனம் பற்றியவை. லீவு வழக்கில் இரு தரப்பும் தத்தமக்கு வசதியானதைக் காட்டும். நல்லவேளையாக, நீங்கள் அந்தச் சண்டைக்குள் போக வேண்டிய அவசியம் குறைவு. 2018 விதிகளைத் தமிழக அரசின் உயர்கல்வித் துறை 2021 ஜனவரியில் அரசாணை வழியாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த அரசாணையை உங்கள் ஆட்சிக்குழு எந்தக் கூட்டத்தில், என்னென்ன மாற்றங்களோடு ஏற்றது என்பதைத் தேடி எடுங்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த விடுப்பு விதிகளையும் சேர்த்துப் படியுங்கள். யுஜிசி தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றப் படி ஏற வேண்டாம்.

உங்கள் பல்கலைக்கழகச் சட்டத்தில் ‘ஆசிரியர்’ என்பதற்கு என்ன வரையறை என்றும் பாருங்கள். ஆந்திர வேளாண் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி இயக்குநர் ஒருவர் தொடுத்த ராமமோகன ராவ் வழக்கில், மாணவர்களுக்கு விளையாட்டு நுணுக்கங்களைச் சொல்லித் தருகிற அவரும் அந்தச் சட்டத்தின்படி ஆசிரியரே என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அந்தச் சட்டத்தின் வரையறையை வைத்துச் சொன்ன தீர்ப்பு. உங்களுக்குத் தானாகப் பொருந்திவிடாது. ஆனால் ஆய்வு மாணவர்களுக்குத் தரவுத்தளங்களில் தேடுவது, மேற்கோள் காட்டுவது, கருத்துத் திருட்டைச் சோதிப்பது என்று நீங்கள் வகுப்பு எடுத்திருந்தால் அந்தச் சுற்றறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். ‘நாக்’ தர மதிப்பீட்டுக் குழு வரும்போது நூலகம் கற்றல் வளம் என்று முன்வரிசைக்கு வருவதும், லீவு கேட்கும்போது நூலகர் அலுவலக ஊழியர் ஆகிவிடுவதும் நம் ஊர் வழக்கம். இத்தனைக்கும் சென்னைப் பல்கலைக்கழகம் 1924-ல் நூலக அறிவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதனை நூலகராக எடுத்தபோது, லண்டன் போய் நூலகப் பயிற்சி பெற்று வர வேண்டும் என்பது நியமன நிபந்தனையாகவே இருந்தது. இதை மனுவில் எழுதாதீர்கள். பதிவாளரோடு பேசும்போது சொல்லிப் பார்க்கலாம்.

இனி உங்கள் தேவைகள். கோர்ஸ் ஒர்க், பயிற்சி, முழுநேர விடுப்பு மூன்றும் வெவ்வேறு, ஒரே மனுவில் போட்டுக் குழப்பாதீர்கள்.

கோர்ஸ் ஒர்க்குக்கான பதில் உங்கள் பீரோவிலேயே இருக்கலாம். யுஜிசியின் 2022 பி.எச்டி. விதிகளின்படி, பகுதிநேர ஆய்வாளரின் தடையின்மைச் சான்றில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க அலுவல் இடம் தருகிறது, தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்கை முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார். உங்கள் சான்றின் நகலை எடுத்து மூன்றாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது உங்கள் பதிவாளரே கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கு. அதை நம்பித்தான் சேர்ந்தீர்கள், கட்டணம் கட்டினீர்கள். பிறகு ‘விட முடியாது’ என்றால், கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்கக் கூடாது என்ற வாதத்தை நீதிமன்றம் காது கொடுத்துக் கேட்கும். ஆனால் அந்த வரியில் ‘சம்பளத்தோடு’ என்று இல்லை. சம்பளத்துக்கு விடுப்பு விதியைத்தான் காட்ட வேண்டும்.

பயிற்சிக்கு உரியது, நீங்கள் ஓ.டி. என்று சொல்லும் பணிநிமித்த விடுப்பு. புத்தொளிப் பயிற்சி, புத்தாக்கப் பயிற்சி, பயிலரங்கு, கருத்தரங்கு போன்றவற்றுக்கு ஒரு கல்வியாண்டில் 30 நாள் வரை முழுச் சம்பளத்தோடு கொடுக்கலாம் என்கிறது 2018 விதி. உங்களுக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. பணி மேம்பாட்டுத் திட்டத்தில் உதவி நூலகர் லெவல் 10-லிருந்து 11-க்குப் போக, எம்.ஃபில்., பி.எச்டி. இரண்டும் இல்லாதவர்களுக்கு ஆறு ஆண்டுப் பணி வேண்டும். கூடவே 21 நாள் புத்தொளிப் பயிற்சியும், தானியங்கி, மின்மயமாக்கல் போன்றவற்றில் குறைந்தது ஐந்து நாள் பயிற்சியும் வேண்டும். நீங்கள் அந்த வாசலில்தான் நிற்கிறீர்கள். பதவி உயர்வுக்குக் கட்டாயம் என்று விதி சொல்லும் பயிற்சிக்கு சி.எல். போடச் சொல்வது, பரீட்சைக்கு வரச் சொல்லிவிட்டு ஹால் டிக்கெட் தராமல் இருப்பது மாதிரி. சென்ற ஆண்டு எடுத்த ஐந்து நாள் சி.எல்.ஐப் பணிநிமித்த விடுப்பாக மாற்றித் தருமாறு வருகைச் சான்றை இணைத்துக் கேளுங்கள். கிடைக்காமலும் போகலாம். அதற்காகச் சான்றிதழ் செல்லாமல் போய்விடாது.

இரண்டு ஆண்டு முழுநேர விடுப்புக்கு வருவோம். சம்பளத்தோடு முதலில் இரண்டு ஆண்டு, நெறியாளர் திருப்திகரமான முன்னேற்றம் என்று அறிக்கை தந்தால் மேலும் ஓர் ஆண்டு என்பது விதி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை முன்னேற்ற அறிக்கை பதிவாளருக்குப் போக வேண்டும். போகாவிட்டால் சம்பளத்தை நிறுத்திவைக்கலாம். ஒப்புதல் தரும் அதிகாரம் ஆட்சிக்குழுவுக்கு. அதற்கும் மேலாக ஒன்று: விடுப்பு யாருக்கும் உரிமை அல்ல. நூலகத்தில் இருப்பது இரண்டே உதவி நூலகர்கள், ஒருவர் ஏற்கெனவே விடுப்பில் என்றால், மறுப்பதற்கு அவர்களுக்கு நியாயமான காரணம் உண்டு, நீதிமன்றமும் தலையிடாது. உங்களுக்கு உள்ள உரிமை, மனுவைச் சரியான விதியின் கீழ் பரிசீலிக்க வேண்டும் என்பதும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்பதும்தான். ஆகவே உங்கள் வேலையை யார் பார்ப்பார்கள் என்பதையும் மனுவிலேயே எழுதிக் கொடுங்கள். ஒப்புதல் உத்தரவு கைக்கு வருவதற்கு முன் ஒரு நாள்கூட நின்றுவிடாதீர்கள்.

பாண்டு உண்டு. திரும்பி வந்து குறைந்தது மூன்று ஆண்டு தொடர்ந்து வேலை பார்ப்பேன் என்று எழுதித் தர வேண்டும். அதற்கு ஈடாக அசையாச் சொத்து, வங்கி உத்தரவாதம் அல்லது நிரந்தர ஆசிரியர்கள் இருவரின் ஜாமீன் கேட்பார்கள். இடையில் ராஜினாமா செய்தால் மட்டும்தான் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று நினைக்காதீர்கள். விடுப்புக் காலத்துக்குள் படிப்பை முடிக்காவிட்டாலும் வாங்கிய சம்பளத்தைத் திருப்பிக் கேட்க விதி இடம் தருகிறது. பி.எச்டி. சொன்ன தேதிக்குள் முடிவது எவ்வளவு அபூர்வம் என்று நூலகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனவே பதிவு செய்த உடனே அல்ல, தரவுச் சேகரிப்பு முடிந்து எழுதும் கட்டத்தில் இந்த விடுப்பை எடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. பாண்டு செல்லாது என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பாதீர்கள். மூன்று ஆண்டு முடியுமுன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ஜாமீன் போடும் சக ஊழியரிடம் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பின்னால் மனக்கசப்பு வரும்.

மனு கிடப்பில் போடப்பட்டால், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் பெறும் உரிமைச் சட்ட மனு ஒன்று போடுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் யார் யாருக்குக் கல்வி விடுப்பும் பணிநிமித்த விடுப்பும் தரப்பட்டது, அதில் நூலகர்கள் எத்தனை பேர், 2018 விதிகளை ஏற்ற ஆட்சிக்குழுத் தீர்மானத்தின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு. நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் தெரிவிக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவே சொல்கிறது, அதையும் குறிப்பிடுங்கள். அதன் பிறகும் அசையவில்லை என்றால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசமைப்புச் சட்டம் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு. ‘லீவு கொடு’ என்று உத்தரவு வராது. இத்தனை வாரத்துக்குள் மனுவைச் சட்டப்படி பரிசீலித்து முடிவெடு என்றுதான் பெரும்பாலும் வரும். பருவம் ஓடிக்கொண்டிருப்பதால் கோர்ஸ் ஒர்க் மனுவை மட்டும் முதலில் நகர்த்துங்கள்.

தோழிக்குச் சொல்ல என்னிடம் நல்ல செய்தி இல்லை. கல்வி விடுப்பு நிரந்தர, முழுநேரப் பணியாளர்களுக்கானது. ஒப்பந்தத்தில் பயிற்சி விடுப்பு பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அது மட்டுமே அவருக்குக் கிடைக்கும். அடுத்த முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கட்டும்.