கணினிக்குப் புது வீடு: பழைய டிஸ்கிலிருந்து விண்டோஸை மாற்றுவது எப்படி?

நம் வீடுகளில் உள்ள கணினிகள் பலவும் ஏழெட்டு வயதானவை. ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காபி குடித்து வந்தாலும் திரை தயாராக இருக்காது. புதுக் கணினி வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், ஹார்ட் டிஸ்கை மட்டும் மாற்றிப் பாருங்கள் என்றே நான் சொல்லி வருகிறேன்.

ஹார்ட் டிஸ்க் என்பது நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டு. தகவல் உள்ள இடத்துக்குப் படிக்கும் முனை நகர்ந்து செல்ல வேண்டும். அதனால்தான் தாமதம். எஸ்.எஸ்.டி. என்னும் புதிய வகையில் சுழலும் பாகமே கிடையாது.

சி டிரைவில் உள்ளவற்றைக் காபி செய்து புதியதில் போட்டால் போதாதா? போதாது. விண்டோஸ் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு, நம் கண்ணில் படாத ஒரு சிறு பகுதியில் தனியாக இருக்கிறது. அது இல்லாமல் கணினி எழுந்திருக்காது. ஆகவே விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும். அல்லது டிஸ்க் முழுவதையும் அப்படியே பிரதி எடுக்க வேண்டும். இரண்டாவதற்குக் குளோனிங் என்று பெயர்.

நமக்குக் குளோனிங்கே நல்லது. காரணம் தமிழ். யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்து வைத்த கடிதங்களும் கட்டுரைகளும் பல வீடுகளில் உண்டு. விண்டோஸைப் புதிதாக நிறுவினால் அந்த எழுத்துரு வராது. அப்பாவின் கடிதம் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். குளோனிங்கில் எழுத்துருவும் கூடவே வந்துவிடும்.

செய்முறை இதோ:

1. முதலில் புகைப்படங்களையும் கடிதங்களையும் வேறொரு டிஸ்கில் காபி எடுங்கள். பழைய டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் எதையும் தொடாமல் அணைத்துவிட்டு, விவரம் அறிந்தவரிடம் கொடுங்கள்.

2. புதியது பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்கட்டும். பழையது 500 ஜி.பி., புதியது 480 ஜி.பி. என்றால் குளோனிங் மென்பொருள் மறுக்கக்கூடும்.

3. பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு பூட்டை நீக்குங்கள்.

4. புதிய டிஸ்கை யு.எஸ்.பி. இணைப்பு வழியே மாட்டுங்கள். குளோன்சில்லா என்ற மென்பொருள் இலவசம், எஸ்.எஸ்.டி. தயாரிப்பாளர் பலரும் தங்கள் மென்பொருளைத் தருகிறார்கள். எது பழையது, எது புதியது என்று இருமுறை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் உங்கள் டிஸ்கின் மேல் எழுதப்பட்டுவிடும்! நடுவில் மின்சாரம் போகாதபடி சார்ஜரும் இன்வெர்ட்டரும் இருக்கட்டும்.

5. முடிந்ததும் கணினியை அணைத்து, பழையதைக் கழற்றி, அதே இடத்தில் புதியதை மாட்டுங்கள். முதல் முறை இரண்டையும் சேர்த்து வைத்து இயக்க வேண்டாம். இரண்டுக்கும் ஒரே அடையாளம் இருப்பதால் விண்டோஸ் குழம்பும்.

இப்போது பழைய தமிழ்க் கடிதம் ஒன்றைத் திறந்து பாருங்கள். எழுத்துகள் சரியாக இருந்தால் வேலை முடிந்தது.

ஒன்று நினைவிருக்கட்டும். விண்டோஸ் 10 உள்ள டிஸ்கைப் பிரதி எடுத்தால் வருவதும் விண்டோஸ் 10தான். அதற்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. உங்கள் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றல் உத்தரவு வந்து ஊர் ஊராகப் போன நமக்குத் தெரியும்: புது வீட்டில் பால் காய்ச்சும் முன் பழைய வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுப்பதில்லை. பழைய டிஸ்கையும் உடனே அழித்துவிடாதீர்கள். தேதி எழுதி ஒட்டி, ஒரு மாதமாவது அலமாரியில் வைத்திருங்கள். அந்த மாதத்துக்குள் பழைய எழுத்துருவில் உள்ள கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றிவிட்டால், அடுத்த குடிபெயர்ப்பில் எழுத்துருவைப் பற்றிய கவலையே இராது. பேரப்பிள்ளைகளும் தங்கள் கைபேசியில் அவற்றைப் படிக்கலாம்.