சாக்ரடீசும் அடிமைச் சிறுவனும்



கிரேக்கத் தத்துவம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர் தடித்த நூலையும் கடினமான சொற்களையும் எண்ணி ஒதுங்கிவிடுகிறோம். அந்த அச்சம் தீர ஒரு பென்சிலும் ஒரு தாளும் போதும். அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஏதென்ஸ் நகரத்துச் சாக்ரடீஸ் ஒரு நூலும் எழுதி வைத்தவரல்லர். கடைவீதியில் நின்று மக்களிடம் கேள்வி கேட்பதே அவருடைய தொழில்போல் இருந்தது. அவருடைய சீடர் பிளேட்டோ, தம் ஆசானையே பாத்திரமாக்கிப் பல உரையாடல்களை எழுதினார். அவற்றை நாடகம் படிப்பதுபோல் படிக்கலாம். முதலில் எதை எடுப்பது? 'குடியரசு' புகழ் பெற்றதுதான். ஆனால் அதன் நீளம் புதியவரைக் களைப்படையச் செய்துவிடும். சிறிய நூலான 'மெனோ'வையே நான் சொல்வேன்.

மெனோ, தெஸ்ஸலியிலிருந்து ஏதென்சுக்கு வந்த செல்வர் வீட்டு இளைஞன். நற்பண்பைக் கற்பிக்க முடியுமா என்று அவன் சாக்ரடீசிடம் கேட்கிறான். நற்பண்பு என்றால் என்னவென்றே தமக்குத் தெரியாது என்கிறார் அவர். மெனோவுக்கு வியப்பு. இது ஒரு பெரிய காரியமா என்று உடனே ஒப்பிக்கத் தொடங்குகிறான்: ஆணின் நற்பண்பு நாட்டுக் காரியங்களை நடத்துவது; பெண்ணின் நற்பண்பு வீட்டைக் காத்துக் கணவனுக்கு அடங்கி நடப்பது; பிள்ளைக்கு ஒன்று, முதியவருக்கு ஒன்று. சாக்ரடீஸ் விடவில்லை. உடல்நலம் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு வேறொன்றா? நாட்டை ஆள்பவனுக்கும் வீட்டை ஆள்பவளுக்கும் நீதியும் அடக்கமும் சமமாக வேண்டாமா? கி.மு. நான்காம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இந்தக் கேள்வியைப் பெண்கள் பள்ளியில் படிக்கும் நாம் சற்று நின்று படிக்கலாம் அல்லவா!

மெனோ திணறிப்போகிறான். தொட்டவரை மரத்துப்போகச் செய்யும் திருக்கை மீனைப்போல் நீர் என்னை மரக்க வைத்துவிட்டீர் என்று குறைபடுகிறான். பிறகு கெட்டிக்காரத்தனமாக ஒரு தடை சொல்கிறான். தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது? எதிர்ப்பட்டாலும் அதுதான் என்று எப்படி அறிவது?

இங்கேதான் உங்கள் பென்சிலுக்கு வேலை. சாக்ரடீஸ், மெனோவின் வீட்டு அடிமைச் சிறுவன் ஒருவனை அழைக்கிறார். கணிதம் கற்றறியாதவன் அவன். நூலில் அவனுக்குப் பெயர்கூட இல்லை. 2 அடிப் பக்கமுள்ள சதுரம் ஒன்றை வரையுங்கள். பரப்பு 4 சதுர அடி. இதன் இரு மடங்கு, அதாவது 8 சதுர அடி கொண்ட சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு? சிறுவன் தயங்காமல், பக்கத்தையும் இரட்டிப்பாக்கினால் போதும் என்கிறான். 4 அடிப் பக்கம் வைத்து வரைந்து பாருங்கள்: 16 வந்துவிடுகிறது. அப்படியானால் 3 அடி என்கிறான். 9 வருகிறது. கடைசியில் தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறான்.

நம் வகுப்பாக இருந்தால் அடுத்த மாணவியை எழுப்பியிருப்போம். சாக்ரடீசோ மெனோவைத் திரும்பிப் பார்த்து, பையன் இப்போது முன்னேறியிருக்கிறான் என்கிறார். சற்றுமுன் தவறான விடையைக் கூட்டத்தின் நடுவிலும் துணிந்து சொல்லியிருப்பான். இப்போதோ தெரிந்துகொள்ள விரும்புகிறான். மரத்துப்போனது அவனுக்கு நன்மையாயிற்று. இது யாருக்குச் சொன்ன பேச்சு என்பது மெனோவுக்கு விளங்கிற்றோ இல்லையோ, நமக்கு விளங்குகிறது.

பிறகு மூலைவிட்டம் வரையப்படுகிறது. அது முதற் சதுரத்தை இரு சம முக்கோணங்களாக வெட்டுகிறது. அப்படிப்பட்ட நான்கு முக்கோணங்களை மூலைவிட்டத்தின்மேல் அடுக்கினால் 8 சதுர அடி! அதன் நீளத்தை முழு எண்ணிலோ பின்னத்திலோ சொல்ல முடியாது. 2√2 என்று உயர்நிலை வகுப்பினர் எழுதுவீர்கள். எண்ண இயலாவிட்டால் கோட்டைச் சுட்டிக் காட்டினால் போதும் என்று முன்பே சாக்ரடீஸ் சொல்லியிருந்ததன் நயம் இப்போதுதான் புரியும்.

பிறப்புக்கு முன்பே ஆன்மா அறிந்ததை நினைவுகூர்வதே கல்வி என்று அவர் இதற்கு விளக்கம் தருகிறார். அது நம் திருச்சபை போதிப்பதன்று. அவரும் அந்த விளக்கம் முழுவதையும் வற்புறுத்தவில்லை. தெரியாததைத் தேடுவது கடமை என்று நம்புகிறவர்கள், தேடிப் பயனில்லை என்பவர்களைவிடத் துணிவும் சுறுசுறுப்பும் உள்ளவர்களாவார்கள் என்பதற்காக மட்டும் சொல்லாலும் செயலாலும் போராடுவேன் என்கிறார்.

நூலின் பிற்பகுதியில் அனிட்டஸ் என்ற அரசியல்வாதி வந்து சேருகிறார். சாக்ரடீசின் கேள்விகள் அவருக்குப் பிடிக்கவில்லை. பெரிய மனிதர்களைப் பற்றி இப்படிப் பேசாதே, எச்சரிக்கையாக இரு என்று சினந்து சொல்கிறார். கி.மு. 399-இல் சாக்ரடீஸ்மீது வழக்குத் தொடுத்த மூவரில் இந்த அனிட்டசும் ஒருவர். அந்த வழக்கின் கதையை 'தற்காப்புரை'யிலும், சிறையிலிருந்து தப்ப அவர் மறுத்ததை 'கிரிட்டோ'விலும் தொடர்ந்து படியுங்கள்.